எட்டு மணி நேரம் வாங்கித் தந்தவர்



எங்கள் ஏனாத்தூரில் விடியற்காலை ஐந்தரை மணிக்கெல்லாம் கம்பெனி பஸ்கள் வரத் தொடங்கிவிடும். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிற பஸ்கள். கழுத்தில் அடையாள அட்டையும் முதுகில் பையுமாகப் பையன்களும் பெண்களும் தெருமுனையில் நிற்பார்கள். என் மகள் வயிற்றுப் பேரனும் அவர்களில் ஒருவன். நான் எழுந்து வாசலில் நாற்காலி போட்டு உட்காரும்போது அவன் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பான். "தாத்தா, வரேன்" என்பான். சாயங்காலம் அவன் திரும்பி வரும்வரை மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். மில் தொழிலாளி வீட்டில் பிறந்தவனுக்கு அந்தப் பழக்கம் போகாது.

2023 ஏப்ரலில் ஒரு நாள் அவன் வந்து, "தாத்தா, இனிமே பன்னிரண்டு மணி நேரமாம். நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு. நல்லதுதானே?" என்றான். அந்த மாதம் 21ஆம் தேதி தமிழக சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியிருந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, விரும்பும் தொழிற்சாலைகளுக்கு மட்டும்தான் என்று அரசு சொன்னது. தோழமைக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. மே 1ஆம் தேதி மசோதாவைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்து நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

பேரனிடம் அன்று நான் பதில் சொல்லவில்லை. "எட்டு மணி நேரம் எப்படி வந்துச்சு தெரியுமாடா?" என்று மட்டும் கேட்டேன். "சட்டத்துல இருக்கு" என்றான். சட்டத்தில் எப்படி வந்தது என்பது அவனுக்குத் தெரியவில்லை. அவன் வயதில் எனக்கும் தெரியாதுதான். அதைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன். ஒரு மனிதரைப் பற்றியும், அவர் பெயரைச் சொல்லக்கூடத் தகுதியில்லாமல் நான் நடந்துகொண்ட ஒரு சம்பவத்தைப் பற்றியும்.

அந்த மனிதர் புதுச்சேரி வ.சுப்பையா. ஊர்க்காரர்கள் மக்கள் தலைவர் என்பார்கள். நம் காஞ்சிபுரம் பக்கத்தில் அவர் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. புதுச்சேரி ரயில் நிலையத்தில் இறங்கியவர்கள் அவர் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டேஷன் வாசலில் இருக்கும் சாலை சுப்பையா சாலை. நான் சிறுவனாக இருந்தபோது அதற்கு தெற்கு பூல்வார் என்று பெயர்.

நான் புதுச்சேரியில் பிறந்தவன் என்பது இங்கே தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். தாத்தா சவானா மில்லில் வேலை செய்தவர். அப்பா ரோடியர் மில்லில். பிரெஞ்சு படித்தால் சர்க்கார் வேலை நிச்சயம் என்று யாரோ அப்பாவிடம் சொல்ல, அவர் என்னைப் பிரெஞ்சு வழிப் பள்ளியில் சேர்த்தார். 1954இல் ஆட்சி மாறிவிட்டாலும் அந்தப் படிப்பு தொடர்ந்து நடந்தது. பள்ளியில் பாரிஸ் நகரத்து ஆறும் பிரான்சு தேசத்து ராஜாக்களும் மனப்பாடம். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி நடந்த சரித்திரம் ஒரு வரி கிடையாது. பிரவே பரீட்சை எழுதித் தேறினேன். அப்பா சொன்னது பலித்தது. 1971இல் எழுத்தர் வேலை கிடைத்தது.

பிரெஞ்சு தெரிந்தவனுக்கு அப்போது அலுவலகத்தில் தனி மரியாதை. பழைய பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகள் எல்லாம் பிரெஞ்சில்தான் இருக்கும். எத்தா சிவில் என்போம். இங்கிலீஷ் படித்த கண்காணிப்பாளருக்கு அதில் ஒரு எழுத்தும் ஓடாது. நான் படித்து, மொழிபெயர்த்துக் குறிப்பு வைத்தால்தான் கோப்பு நகரும். இருபத்தோரு வயதில் அந்த நாற்காலி கொஞ்சம் தலைக்கு ஏறத்தான் செய்தது.

அடுத்த வருடம், 1972இல், ஒரு பெரியவர் வந்தார். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். பஞ்சாலைத் தொழிலாளிகளுக்கே வரும் ஒரு இருமல். ஏதோ உதவித்தொகைக்கு வயதுச் சான்று வேண்டும், பிறப்புப் பதிவின் நகல் கொடுங்கள் என்று மனு கொடுத்தார். தேடினேன். பெயர் கிடைக்கவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

உண்மையில் நான் சரியாகத் தேடவில்லை. அவர் பெயரில் ஒரு 'மு' இருந்தது. மனுவை எழுதிக்கொடுத்தவர் இங்கிலீஷ் முறைப்படி எம், யு என்று போட்டிருந்தார். பிரெஞ்சுக்காரன் அதையே எம், ஓ, யு என்று எழுதுவான். பிரெஞ்சு படித்த எனக்கு அது தெரியாதா? தெரியும். பதிவேட்டில் இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்திருந்தால் கிடைத்திருக்கும். பார்க்கவில்லை.

இரண்டாம் தடவை வந்தபோது, கோர்ட்டில் அஃபிடவிட் வாங்கி வாருங்கள் என்றேன். மூன்றாம் தடவை வந்தபோது மணி ஐந்து தாண்டிவிட்டது. மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை.

"தம்பி, ஆபீசு எத்தினி மணிக்கு மூடுவீங்க?" என்று கேட்டார்.

"அஞ்சரைக்கு."

"எத்தினி மணி நேரம் ஆச்சு?"

"எட்டு மணி நேரம் வரும்" என்றேன், சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து.

"நல்லது. நல்லாயிருங்க. அது நாங்க வாங்கினது" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். கொஞ்சம் சிரிப்பாகத்தான் சொன்னேன். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"ஒன் தாத்தா எத்தினி மணிக்கு வேலைக்குப் போவாரு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அன்று ராத்திரி அவர் சொன்னதையும், பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அப்போது புதுச்சேரியில் மூன்று பெரிய பஞ்சாலைகள். சவானா, ரோடியர், கெப்ளே. தாத்தா விடியுமுன் போவார், இருட்டிய பிறகு வருவார். அப்பா தன் சிறுவயதில் தாத்தாவின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில்தானாம். மில்லுக்குள் பெண்களும் சின்னப் பிள்ளைகளும் வேலை செய்தார்கள். சங்கம் வைக்க உரிமை கிடையாது.

அந்தக் காலத்தில்தான் சுப்பையா வருகிறார். 1911 பிப்ரவரி 7ஆம் தேதி பிறந்தவர். பிரெஞ்சிந்தியாவில் படித்தவர். அந்தப் படிப்புக்கு ஒரு நல்ல உத்தியோகத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். அவர் அரிஜன சேவைக்குப் போனார். 1934 பிப்ரவரி 17ஆம் தேதி காந்தியடிகள் புதுச்சேரிக்கு வந்ததன் பின்னால் அவருடைய முயற்சி உண்டு. அதே ஆண்டில் 'சுதந்திரம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று. பிறகு மில் வாசலுக்கு வந்தார். தொழிலாளிகளைத் திரட்டினார். வேலைநிறுத்தங்கள் நடந்தன.

1936 ஜூலை 30. சவானா மில்லுக்குள் தொழிலாளிகள் இருந்தார்கள். பிரெஞ்சு அரசின் ஆயுதப் படை சுட்டது. பன்னிரண்டு பேர் இறந்துபோனார்கள். தாத்தா உள்ளே இருந்தார். பதினான்கு வயது அப்பா தூக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு போனவர், கூட்டத்தில் சட்டியைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறார். தாத்தா மறுநாள்தான் வந்தாராம். அதற்குப் பிறகு சாகும்வரை அந்த நாளைப் பற்றி அவர் வீட்டில் பேசியதில்லை. ஜூலை 30 அன்று மட்டும் சாப்பிடமாட்டார். ஏதோ விரதம் என்று நான் நினைத்திருந்தேன்.

இவ்வளவு பேர் செத்த பிறகு ஒரு தலைவன் என்ன செய்வான்? ஆத்திரமாகப் பேசலாம். கூட்டம் கைதட்டும். மறுவாரம் அதே மில், அதே சங்கு, அதே நேரம். சுப்பையா அத்தோடு நிற்கவில்லை. அப்போது பிரான்சில் மக்கள் முன்னணி ஆட்சி, லெயோன் பிளம் பிரதமர். அந்த நாட்டுத் தொழிலாளிகளுக்குப் புதிய சட்டங்கள் வந்துகொண்டிருந்தன. அங்கே உள்ளவனுக்குக் கொடுப்பதை இங்கே உள்ளவனுக்கு ஏன் கொடுக்கக்கூடாது என்று, 1937இல் பாரிசுக்கே போய் வழக்கைச் சொன்னார். அந்த ஏப்ரலில் ஆணை வந்தது. எட்டு மணி நேர வேலை. சங்கம் வைக்கும் உரிமை. ஆசியாவிலேயே முதலில் எட்டு மணி நேரம் பெற்றவர்கள் புதுச்சேரித் தொழிலாளிகள்தான் என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிய வேண்டுமானால் கோரிமேடு எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவில் 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி வருடம் முழுக்க ஓடும் ஆலைகளில் நாளைக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம். அது 48 ஆகக் குறைந்தது 1946இல்தான். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு நியாயம், இந்தப் பக்கம் ஒரு நியாயமாக ஒன்பது வருடம் இருந்தது.

அப்பா சொன்ன ஒன்றை நான் மறக்கவே மாட்டேன். ஆணை அமலுக்கு வந்த பிறகு தாத்தா சாயங்கால வெளிச்சத்தில் வீட்டுக்கு வந்தாராம். முதல் சில நாள் என்ன செய்வதென்று தெரியாமல் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தாராம். அப்புறம் தெருக்கோடியில் ஒருவரிடம் எழுத்துக் கற்றுக்கொள்ளப் போனார். நாற்பது வயதுக்கு மேல் கையெழுத்துப் போடப் பழகினார். அவர் படித்ததால் அப்பா கொஞ்சம் படித்தார். அப்பா படித்ததால் என்னைப் பள்ளிக்கு அனுப்பத் தோன்றியது. அந்தப் பள்ளியில் நான் கற்ற பிரெஞ்சை வைத்துக்கொண்டுதான், தாத்தாவோடு மில்லில் நின்ற ஒரு மனிதரை மூன்று தடவை படியேறி இறங்க வைத்தேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. காலையில் அலுவலகம் திறந்ததும் பதிவேட்டை எடுத்தேன். ஒரு மணி நேரம் ஆகவில்லை. எம், ஓ, யு என்று பெயர் அழகாக இருந்தது. தகப்பனார் பெயர், தெரு, எல்லாம் சரியாக இருந்தன. எழுத்து வேறுபாட்டை விளக்கி ஒரு குறிப்பு வைத்தேன். கண்காணிப்பாளர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதம் இல்லை என்று சொன்ன காகிதம் பகல் சாப்பாட்டுக்கு முன் கையில் இருந்தது.

தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. சாயங்காலம் சைக்கிளில் முதலியார்பேட்டைக்குப் போய் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் இல்லை. அந்த அம்மா, "கூட்டத்துக்குப் போயிருக்காரு. சுப்பையா பேசறாராம்" என்றார். இடத்தைக் கேட்டுக்கொண்டு போனேன்.

அன்றுதான் சுப்பையாவை முதல்முறை அருகில் பார்த்தேன். அறுபது வயதைக் கடந்துவிட்டார். என்ன பேசினார் என்பது இன்று நினைவில் இல்லை. நான் வரிசை வரிசையாகப் பெரியவரைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தைக் கொடுத்தேன். "தப்பு என்னோடது, பெரியவரே" என்றேன். அவர் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். பிரெஞ்சு அவருக்குத் தெரியாது. தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டச் சொன்னார். விரலை வைத்துக் காட்டினேன். "பரவாயில்ல தம்பி. ஒக்காரு, பேச்சக் கேட்டுட்டுப் போ" என்றார். உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அவரை நான் பார்த்ததில்லை.

சுப்பையாவின் வாழ்க்கையில் அந்த 1937 ஆணை ஆரம்பம்தான். சிறை, நாடுகடத்தல் எல்லாம் பட்டார். பிரெஞ்சுக்காரர்களும் சிறை வைத்தார்கள், வெள்ளைக்காரர்களும் சிறை வைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பாரிசில் உள்ள மேலவைக்கும் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த நாற்காலிக்காக விடுதலையை விட்டுக்கொடுக்கவில்லை. 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. அதற்குப் பின்னால் இருந்த போராட்டத்தின் முன்வரிசையில் அவர் இருந்தார்.

இணைப்புக்குப் பிறகு புதுச்சேரி சட்டமன்றத்தில் உறுப்பினராக, எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். 1969இல் பாரூக் முதலமைச்சராக அமைந்த தி.மு.க., கம்யூனிஸ்ட் கூட்டணி ஆட்சியில் அமைச்சரானார். தேர்தலில் வென்றதும் உண்டு, தோற்றதும் உண்டு. முதுமையில் பிரெஞ்சிந்திய விடுதலை வரலாற்றைத் தன் வாழ்க்கையோடு சேர்த்து எழுதி வைத்தார். 1993 அக்டோபர் 12ஆம் தேதி காலமானார்.

நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லை. முப்பத்தேழு வருடம் சர்க்கார் சம்பளம் வாங்கியவன். சட்டமன்ற உறுப்பினர்கள் பலரின் சிபாரிசுக் கடிதங்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. மாற்றல் உத்தரவு, லைசென்சு, மச்சினனுக்கு வேலை. கடிதம் கொண்டு வந்தவருக்குக் காரியம் நடக்கும், அடுத்தவருக்கு அடுத்த கடிதம் வேண்டும். அதையும் உதவி இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு ஆளுக்கு உதவுவது வேறு, யாரும் வந்து கேட்க வேண்டியதே இல்லாமல் எல்லோருக்கும் கிடைக்கும்படி ஒரு விதியை எழுத வைப்பது வேறு. இரண்டாவதைச் செய்தவருக்கு நன்றி சொல்ல யாரும் வரமாட்டார்கள். ஏனென்றால் அது தங்களுக்கு ஒருவர் தந்தது என்றே தெரியாது. என் பேரன் சொன்ன மாதிரி, "சட்டத்துல இருக்கு." அதுதான் அவருக்கு உண்மையான நினைவுச் சின்னம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்ற மாதம் பேரனுக்கு லீவு கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உத்திரமேரூர் போய்வந்தோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. முப்பது குடும்புகள், குடவோலை. முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை எழுதக்கூடாது, அவன் உறவுக்காரன் பெயரையும் எழுதக்கூடாது. பேரன் அதைக் கேட்டுச் சிரித்தான். "இப்ப இந்த ரூல் இருந்தா எத்தனை பேர் தாத்தா நிக்க முடியும்?" என்றான்.

நான் அவனுக்கு இன்னொரு வரியையும் சொன்னேன். கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். உன் கொள்ளுத் தாத்தாவின் அப்பா, அந்த சவானா மில் தொழிலாளி, ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதியில்லாதவர். குடத்துக்குள் போக முடியாதவர்களுக்காகப் பேச ஒருவர் வேண்டியிருந்தது, அவர் பெயர் சுப்பையா என்றேன். பையன் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அந்தப் பன்னிரண்டு பேர் பேரும் எங்கயாவது எழுதி வச்சிருக்காங்களா தாத்தா?" என்று கேட்டான். புதுச்சேரியில் வருடாவருடம் ஜூலை 30 அன்று அந்தத் தியாகிகளுக்கு மாலை போடுகிறார்கள், அடுத்த தடவை உன்னைக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

திரும்பி வந்து பக்கத்து வீட்டு நெசவாளரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வயது என்னை விட நாலைந்து கூட இருக்கும். பட்டுத் தறியில் உட்கார்ந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்களுக்கு யாரு சார் மணி கணக்குப் பண்ணாங்க? வெளிச்சம் இருக்கிறவரை வேலை, லைட்டு வந்த பிறகு அதுவும் இல்ல" என்றார். என்னிடம் பதில் இல்லை. வீட்டுத் தறியில் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு எந்த ஆணையும் இன்னும் போய்ச் சேரவில்லை. சுப்பையா போட்ட வழக்கு முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம் என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மில்கள் இப்போது இல்லை. அப்பா வேலை செய்த ரோடியர், ஏ.எஃப்.டி. என்ற பெயரில் ஓடி, 2020இல் மூடப்பட்டது. சங்கு ஊதுவது நின்றுவிட்டது. மில் போனாலும், அதற்குள் வாங்கிய எட்டு மணி நேரம் போகவில்லை. அது இன்று என் வாசலிலிருந்து காலையில் ஒரகடம் பஸ்ஸில் ஏறிப் போகிறது.

தாத்தா மாதிரி நானும் ஜூலை 30 அன்று சாப்பிடுவதில்லை. சர்க்கரை வியாதி இருப்பதால் மகள் சத்தம் போடுகிறாள், இரண்டு இட்லியாவது சாப்பிடச் சொல்கிறாள். இந்த வருடம் பேரன் அவளிடம், "விடும்மா, அதுக்கு ஒரு காரணம் இருக்கு" என்றான். எனக்கு அது போதும்.

உங்களில் யாராவது மில்லிலோ தறியிலோ வேலை செய்தவர்களின் பிள்ளைகளாக இருந்தால், உங்கள் வீட்டில் கேட்ட கதைகளை எழுதுங்கள். நம் காலத்துக்குப் பிறகு சொல்ல ஆள் இருக்காது.